கை நடுக்கமும் காப்ஸ்யூல் டப்பாவும்

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களை நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறது. சிறுநீரகம், இருதயம், புற்றுநோய் என்று வருபவற்றுக்கு நடுவே கை நடுக்கம், நடைத் தளர்ச்சி, மறதி என்ற மனுக்களும் இருக்கின்றன. அவற்றோடு இணைத்திருக்கும் ரசீதுகளைப் பார்த்த பிறகுதான் இந்தத் தலைப்பில் பேச முடிவு செய்தேன். டாக்டர் எழுதிய மாத்திரைக்கு ஆன செலவைவிட, 'மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்தி தரும்' என்று லேபிள் ஒட்டிய காப்ஸ்யூல் டப்பாக்களுக்கு ஆன செலவு பல மடங்கு இருக்கிறது. வளையலை அடகு வைத்து வாங்கிய டப்பாவும் அதில் உண்டு.

மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன? இரத்தச் சிவப்பணுக்களைத் தவிர, நம் உடம்பின் எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கிற நுண்ணிய உறுப்பு அது. நாம் தின்னும் சோற்றையும் இழுக்கும் மூச்சையும் சேர்த்துச் செல்லுக்கு வேண்டிய சக்தியாக மாற்றித் தருவது அதன் வேலை. மூளை நம் எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் உடம்பு ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே சக்தி உற்பத்தியில் கோளாறு வந்தால் முதலில் அடி வாங்குகிற இடங்களில் மூளையும் ஒன்று.

மில்லும் மோட்டாரும் தெரிந்த ஊர் நம்முடையது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்று இங்கே மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களைக் கேளுங்கள். மோட்டார் மெதுவாக ஓடுவதோடு போகாது, சூடேறி காயில் கருகும். மைட்டோகாண்ட்ரியாவிலும் ஏறக்குறைய அதே கதைதான். உற்பத்தி வரிசையின் முதல் இயந்திரத்துக்குக் காம்ப்ளக்ஸ் ஒன்று என்று பெயர். அது தடைப்பட்டால் சக்தி குறைவதோடு, செல்லை உள்ளிருந்தே அரிக்கும் வேதிப்பொருள்களும் கசிகின்றன.

இதற்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்த விதம் விசித்திரமானது. 1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வயதில் இளையவர்கள் சிலர் திடீரென்று கட்டையாக விறைத்துப்போய், பேச முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதியவர்களுக்குப் பல ஆண்டுகளில் மெல்ல வரும் நோய், இவர்களுக்குச் சில நாட்களில் வந்திருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவிப் பார்த்தபோது, அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட கள்ளப் போதைப்பொருளில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்தது. டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் நடுமூளைச் செல்களுக்குள் அந்த நச்சு புகுந்து காம்ப்ளக்ஸ் ஒன்றை முடக்கியிருந்தது. 1989இல் லண்டன் ஆய்வாளர்கள், போதைப்பொருளோடு சம்பந்தமே இல்லாமல் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையிலும் அதே காம்ப்ளக்ஸ் ஒன்று குறைவாக வேலை செய்ததைக் கண்டார்கள். நம் வாலிபர்களுக்குப் போதை ஊசி பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை, இந்த ஒரு சம்பவமே போதும்.

சரி, இது எங்கோ நடந்தது, நமக்கு என்ன என்று கேட்கலாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி உள்ளே போனால் மைட்டோகாண்ட்ரியாவில் அந்த அரிக்கும் பொருள்களைப் பெருக்கும். ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி நேராகக் காம்ப்ளக்ஸ் ஒன்றையே அடைக்கும். இவற்றைக் கையாண்ட அமெரிக்க விவசாயிகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், பார்க்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாராகுவாட்டுக்கு 2007 முதல் அனுமதி இல்லை. வாளையாறு தாண்டினால் வரும் கேரளத்தில் 2011இல் அதைத் தடை செய்தார்கள். நம் ஆட்களில் தோட்ட வேலைக்கும் மருந்து அடிக்கவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். மருந்து பட்ட சட்டையை வீட்டுத் துணிகளோடு ஊற வைக்காதீர்கள், அதைத் துவைக்கிறவர் உங்கள் மனைவியாகவோ தாயாகவோ இருப்பார். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள்.

பரம்பரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வீண்பழி நடக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகச் சிறிது டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. இதைப் பாதி கேட்டுவிட்டு, "அம்மா வழியில் வந்த நோய்" என்று ஒரு வீட்டில் மருமகளைப் பேசியிருக்கிறார்கள். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைப் பிங்க் ஒன்று என்ற புரதம் அடையாளம் காட்டும், பார்க்கின் என்ற இன்னொன்று வந்து அதை அப்புறப்படுத்த ஏற்பாடு செய்யும். வீதிக் குப்பையை மாநகராட்சி வண்டி அள்ளுகிற மாதிரி. அந்த வண்டி வராமல் போவதுதான் சிலருக்கு 40 வயதுக்கு முன்பே நோய் வரக் காரணம். இந்த இரண்டு மரபணுக்களும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த வகை நோய் வரும். தாயை மட்டும் குறை சொல்ல இதில் இடமே இல்லை.

ஆனால் சொந்தத்துக்குள் மணமுடிக்கும்போது இரண்டு பழுதான பிரதிகள் ஒன்று சேரும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று முடிப்பது கொங்கு நாட்டில் எல்லாச் சமுதாயத்திலும் உள்ள வழக்கம். நம் மார்க்கத்தில் அது அனுமதி, கட்டாயம் அன்று. குடும்பத்தில் இளவயதிலேயே இந்த நோய் வந்தவர் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

இப்போது அந்த டப்பாக்களுக்கு வருவோம். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதற்குத் தீனி போட்டால் சரியாகிவிடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விஞ்ஞானிகளும் அப்படி நினைத்துத்தான் சோதித்தார்கள். கோஎன்சைம் க்யூ10 என்பதை 600 நோயாளிகளிடம் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், பயன் இல்லை என்று 2014இல் முடிவு வந்தது. கிரியேட்டினை 1,700க்கும் மேற்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள், அதிலும் பயன் இல்லை. வைட்டமின் ஈ மாத்திரை 1993லேயே தோற்றுவிட்டது. நன்றாக ஆராய்ந்து கைவிட்ட பொருளைத்தான் நம்மிடம் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். மறதி நோயான அல்சைமரிலும் மைட்டோகாண்ட்ரியா பழுது காணப்படுகிறது. அது காரணமா, விளைவா என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. டப்பா விற்பவருக்கு மட்டும் விடை தெரிந்திருக்கிறது!

உண்மையில் வேலை செய்யும் மருந்து லெவோடோபா. அதற்கும் நம் மாநிலத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. தோட்ட வேலியில் படர்ந்து, தொட்டால் அரிப்பெடுக்க வைக்கும் பூனைக்காலி எல்லோருக்கும் தெரியும். அதன் விதையில் லெவோடோபா இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி ஆகியோர் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டார்கள். இந்நோய்க்கு அது மருந்து என்று உலகம் அறிந்தது 1960களில்தான். இதைச் சொன்னதும் விதையை இடித்துக் குடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும், வாந்தியும் மயக்கமும் வரும், ஏற்கனவே மாத்திரை எடுப்பவருக்கு அளவு மிஞ்சும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாவது போடச் சொல்வார்கள். கறியும் முட்டையும் வயிற்றில் இருந்தால் மருந்து இரத்தத்தில் சேர்வதும் மூளைக்குப் போவதும் குறையும். "வலீமா விருந்துக்குப் போய் வந்த அன்று அத்தாவுக்கு மாத்திரை கேட்கவே இல்லை" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ரமளானில் இன்னும் கவனம் வேண்டும். பகலில் பலமுறை போட வேண்டிய இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது சூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. குணமாகும் என்ற நம்பிக்கை இல்லாத நோய்க்கு ஃபித்யா உண்டு. "இத்தனை வருஷம் விடாத நோன்பை விடுவதா" என்று கலங்கும் பெரியவர்களிடம் பிள்ளைகள் வாதாட வேண்டாம். இமாமிடம் அழைத்துப் போங்கள், அவர் சொன்னால் மனம் ஆறும்.

மாத்திரையோடு சேர்ந்து நிச்சயமாக உதவுவது உடற்பயிற்சி. மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைத் தசைகளில் கூட்டவும் அதுவே வழி. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக நடக்க வேண்டும்.

நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடிய அடையாளங்கள் உண்டு: அத்தர் வாசனையும் பிரியாணி வாசனையும் தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கையை வீசுவது. பிறகு கையெழுத்து சிறுத்துப்போகும், ஒரு கை மட்டும் வீசாமல் நடப்பார்கள், ஸுஜூதிலிருந்து எழச் சிரமப்படுவார்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கண்ணேறு என்று சொல்லி ஆண்டுகளைக் கழிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துப் போங்கள். தலைச்சுற்றலுக்கு மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடும் சின்னரிசின் மாத்திரையே சிலருக்கு இந்த நடுக்கத்தைக் கொண்டுவரும். டாக்டர் அதை நிறுத்தினால் பெரும்பாலும் படிப்படியாகச் சரியாகும்.

நிர்வாகக் குழுவின் முடிவையும் அறிவிக்கிறேன். இனி டாக்டர் சீட்டில் இல்லாத காப்ஸ்யூல் ரசீதுகளுக்கு அறக்கட்டளை பணம் தராது. சிலருக்கு வருத்தம் இருக்கும், தெரியும். ஆனால் இது ஜகாத், சதக்கா பணம். அதற்குப் பதிலாக லெவோடோபா மாத்திரைக்கும், பிசியோதெரபிக்குப் போய்வர ஆட்டோ கட்டணத்துக்கும் உதவி தரப்படும். நடக்க முடியாதவர்களுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அதில் பெயர் சேர்க்க நம் அலுவலகத் தம்பிகள் உதவுவார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு, டாக்டர் சீட்டும் குடும்ப அட்டை நகலும் கொண்டு வாருங்கள்.