மஞ்சட்பையும் குல கௌரவமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தர மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும் மாணவர் விடுதியைப் பற்றியும் ஆலோசிப்பதற்கென்று கூடிய இம்மகாசபையில், குப்பையைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது நேரம் அளிக்கப்பட்டிருக்கிறது. சபை நடுவே இதைப் பேசுவது சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். ஆயினும் சென்ற ஐப்பசியில் நம் சங்கத்துக் கல்யாண மண்டபத்தில் நிகழ்ந்ததை நேரிற் கண்ட பின்னர், இதனைப் பேசாமலிருக்க நம் மனம் ஒப்பவில்லை.

அன்று முகூர்த்த நாள். முதல் நாள் இரவெல்லாம் நல்ல மழை. பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பின்கட்டுச் சாக்கடை அடைபட்டுக் கழிவுநீர் சமையற்கூடத்திற்குள் ஏறிவிட்டது. துப்புரவுத் தொழிலாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் முழங்கை மறைய உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டார். நசுங்கின தண்ணீர்ப் புட்டிகள், ஐஸ்கிரீம் கிண்ணங்கள், மேஜை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் சுருள், பின்னர்க் கொத்துக் கொத்தாகத் தாம்பூலப் பைகள். அப்பைகளில் அச்சிட்டிருந்த மணமக்களின் பெயர்கள் ஓர் எழுத்தும் அழியவில்லை. மூன்று நான்கு கல்யாணங்களின் பைகள் அவை. அவற்றுள் ஒன்றில் நம் இல்லத்துப் பெண்ணின் பெயரும் இருந்தது. வேலை முடிந்ததும் அம்மனிதர் கை கழுவ நீர் கேட்டார். அந்நீரையும் ஒரு பிளாஸ்டிக் புட்டியில்தான் கொண்டுவந்து கொடுத்தோம்.

நம் குலத்தின் மேன்மையைப் பற்றி நம் பத்திரிகையில் மாதந்தோறும் பக்கம் பக்கமாக எழுதிவருகிறோம். நாம் எறிந்ததை எடுக்கக் கைவிட்டவர் நம் குலத்தவர் அல்லர். நம் பிள்ளைகளில் ஒருவனை அச்சாக்கடையில் கைவிடச் சொல்ல நம்மில் எவருக்கும் மனம் வந்திராது. இதை யோசித்தபோது நமக்கு அன்றைய விருந்து தொண்டையில் இறங்கவில்லை.

நிற்க. இந்தப் பிளாஸ்டிக் என்பது நம் இல்லங்களுக்குள் புகுந்து எத்தனை காலமாயிற்று? பாலித்தீன் என்னும் பொருள் 1933ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து ரசாயனக் கம்பெனி ஒன்றின் சோதனைச்சாலையில் எதிர்பாராத விதமாக உண்டாயிற்று. கைப்பிடியோடு கூடிய மெல்லிய பையைச் செய்யும் முறைக்கு 1965இல் ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி ஒன்று உரிமை பெற்றது. ஆக, நம்மில் பலருடைய ஆயுளுக்குள் அடங்கிய சரித்திரமே இது. உலகமெங்கும் 2015ஆம் வருஷம் வரையில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்றும், அதில் 630 கோடி டன் குப்பையாய்விட்டதென்றும், அக்குப்பையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு மாத்திரமே மறுபடியும் உருக்கி உபயோகிக்கப்பட்டதென்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் 2017இல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். எரிந்தது பன்னிரண்டு பங்கு. எஞ்சியது மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களில் பதினான்கு வகை தடுக்கப்பட்டன. 2021 டிஸம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரு தடை வந்தது. அப்படியிருந்தும் கடைக்காரர் மேஜைக்கடியிலிருந்து பையை எடுத்து நீட்டுகிறார்; நாமும் வாங்கிக்கொண்டு வருகிறோம். சட்டம் கடைவாசல் வரையில்தான் வரும். நம் வீட்டுச் சுவரில் ஆணியடித்துப் பையை மாட்ட அதிகாரி எவரும் வரப்போவதில்லை.

அத்தடைப் பட்டியலில் நம்மவர் பலர் கவனியாத ஒன்றுண்டு. தாம்பூலத்திற்கு இப்பொழுது நாம் வழங்கும் பை, பார்வைக்குத் துணியைப் போலவே இருக்கும். தொட்டாலும் ஏறக்குறைய அப்படியே. ‘துணிப்பைதானே கொடுக்கிறோம்’ என்று நாமும் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். தறியில் உட்கார்ந்த குலத்தில் பிறந்த நாம் இப்படி ஏமாறலாமா? அதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதில் பாவு ஏது? ஊடை ஏது? நூலென்று இழுக்க ஓர் இழை உண்டா? பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி, நெய்யாமலே சூட்டினால் ஒட்டவைத்த தாள் அது. வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணோடு கலக்குமேயன்றி மக்காது. நெய்யாத பை என்றே அதற்குப் பெயர். நெய்கிறவன் வீட்டுக் கல்யாணத்தில் நெய்யாத பையைக் கொடுக்கிறோம்!

இது எப்படி நேர்ந்தது? மலிவென்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறொன்றுண்டென்பது நம் அபிப்பிராயம். அது கௌரவம்.

நம் பாட்டன்மார் கல்யாணத்திற்குப் போய்விட்டு மஞ்சட்பையோடு திரும்புவார்கள். மணமக்கள் பெயரும் ஊரும் தேதியும் அதில் சிவப்பு மையால் அச்சாகியிருக்கும். அந்தப் பை பிறகு சந்தைக்குப் போகும், பள்ளிக்கூடத்திற்குப் போகும், கோர்ட்டுக்குப் பத்திரங்களைச் சுமந்துகொண்டும் போகும். கிழிந்த பிற்பாடு கரித்துணியாகி அடுப்பங்கரையில் ஆயுளை முடிக்கும். பிறகு ஒரு காலம் வந்தது. மஞ்சட்பையைக் கையில் வைத்திருப்பவன் பட்டிக்காட்டான் என்று நாடகத்திலும் சினிமாவிலும் சிரித்தார்கள். பிரயாணத்திற்குக் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவது நம் பெரியோர் வழக்கம். ‘கூஜா தூக்குகிறான்’ என்பதே ஒரு வசைமொழியாயிற்று. ஹோட்டலுக்குத் தூக்குப்போசி எடுத்துச் செல்வது ஏழ்மையின் அடையாளமாயிற்று. வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்துச் செல்வதே அவமானமென்று எண்ணத் தலைப்பட்டோம். வெறுங்கையோடு போய்க் கைநிறைய உறைகளோடு வருவது நாகரிகமாயிற்று. வெட்கத்தினால் விட்டதை வெட்கத்தை விட்டால்தான் மீட்க முடியும்.

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை சில. இவை யாவும் நம் வீட்டில் ஒரு வருஷமாகச் செய்து பார்த்தவையே. சிலவற்றில் தோற்றும் இருக்கிறோம்.

முதலாவது, பை. வீட்டில் பை இல்லாமல் எவரும் இல்லை. கடையில் நிற்கும்போதுதான் அது கையில் இருப்பதில்லை. ஆதலால் வாசற்படியருகே ஓர் ஆணியும், ஆண்பிள்ளைகளின் வண்டி இருக்கைக்கு அடியில் மடித்த பை ஒன்றும் இருக்கவேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் காய்கறி வாங்குகிறவர் பெரும்பாலும் அவர்களே. இங்கே ஓர் எச்சரிக்கை. பருத்தி விளைவிக்க நீரும், நூற்க நெய்யச் சாயமேற்ற உழைப்பும் எவ்வளவு செலவாகின்றன என்பது நமக்குத் தெரியாததன்று. ஒரு துணிப்பையை இரண்டு தடவை உபயோகித்துப் பரணில் எறிந்தால் பூமிக்கு நஷ்டமே. வருஷக்கணக்கில் உழைத்தால்தான் அது தன் கடனைத் தீர்க்கும். வீடு நிறையப் பை சேர்ப்பது இந்த வேலையைச் சேர்ந்ததன்று.

இரண்டாவது, பாத்திரம். தோசை மாவு, தயிர், எண்ணெய், ஹோட்டல் சாம்பார் முதலியவற்றுக்குத் தூக்குப்போசி. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாங்குவது எல்லாவற்றிலும் கெட்டது. சூட்டில் அவ்வுறையிலுள்ள ரசாயனங்கள் உணவில் இறங்கும். புலால் உண்ணும் இல்லத்தார் ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பையில் வாங்கி வருவதை விட்டு மூடியுள்ள சம்படம் எடுத்துச் செல்லலாம். முதல் வாரம் கசாப்புக் கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் வாரம் சம்படத்தைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழிக்க அவராகவே பழகிக்கொண்டார். ஆனால் மாவுக் கடையில் நாம் தோற்றோம். முன்னதாகவே உறையில் அடைத்து வைத்ததைத்தான் தருவேன் என்று அவ்வம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே வீட்டிலேயே ஆட்டிக்கொள்ளுகிறோம். கிரைண்டர் கழுவும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது தாய்மார்கள் பக்கத்தில் நகைப்பொலி கேட்கிறது. அதன் பொருள் நமக்கு விளங்காமலில்லை. இப்படிப்பட்ட உபதேசங்களெல்லாம் மேடையில் ஆண்கள் செய்ய, வேலை முழுவதும் பெண்கள் தலையில் சுமந்துவிடுவது வழக்கம். சம்படம் கழுவுவதும், உறைகளை அலசிக் காயவைப்பதும், பை தைப்பதும் வீட்டுப் பெண்களின் கடமையென்று வைத்தால் இக்காரியம் ஒரு மாதமும் நிலைக்காது. நிலைப்பது நியாயமும் அன்று. வாங்கி வருகிறவரே பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து கழுவியும் வைக்கவேண்டுமென்பது நம் வீட்டுச் சட்டம்.

மூன்றாவது, தவிர்க்க முடியாதவை. பால் உறை அத்தகையது. தமிழ்நாட்டுத் தடையிலும் பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதைக் கத்தரிக்கும்போது மூலையை முழுவதும் துண்டித்து எறிகிறோம். அந்த நகத்தளவு துண்டை எவரும் பொறுக்கமாட்டார். அது சாக்கடை வழியே போய்விடும். மூலை ஒட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் ஓரத்தில் மாத்திரம் கீறினால் போதும். வெற்றுறையை அலசிக் கொடியில் காயவைத்துச் சேர்த்தால் பழைய சாமான் கடைக்காரர் எடைக்கு வாங்கிக்கொள்வார். அழுக்கோடும் புளித்த பாலோடும் கொடுத்தால் அவர் தொடமாட்டார். அவரைக் குற்றஞ் சொல்லவும் முடியாது.

நான்காவது, எரிப்பது. இன்னும் நம் வீடுகளில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்க ஒரு பிளாஸ்டிக் உறையைச் சொருகுகிறோம். சுறுசுறுப்பாகப் பற்றிக்கொள்ளும், உண்மைதான். அப்புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. பி.வி.ஸி. என்னும் இனம் கலந்திருந்தால் டையாக்ஸின் என்னும் கொடிய விஷமும் உண்டாகும். அடுப்பருகே குனிந்து ஊதுகிறவர் வீட்டிலுள்ள பெரியவளோ சிறு பெண்ணோதான். தென்னம்பாளை இருக்கிறது, தேங்காய் மட்டை இருக்கிறது, அவை போதும்.

நம் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மான்செஸ்டர் நகரத்தில் சீட்டித் துணி அச்சிடும் சங்கமொன்றில் வேலை பார்த்த இருவர் 1941இல் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் பிளாஸ்டிக்கே. இன்று நம் விசைத்தறிகளில் அது ஓடுகிறது. மலிவுச் சரிகையில் பலவும் உலோகப் பூச்சிட்ட பாலியெஸ்டர்த் தகடுதான். துவைக்குந்தோறும் அத்துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. இதை நிறுத்துங்கள் என்று சொல்ல நமக்கு நாவில்லை. எத்தனை குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறதென்பதை அறிவோம். ஆனால் கல்யாணத்திற்குப் பை தைக்கும்போதாவது பருத்தியா அல்லவா என்று பாருங்கள். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால், பருத்தி கடுதாசி வாசனையோடு சாம்பலாகும். மற்றது உருகி மணியாகத் திரளும். இச்சோதனையை நம் குழந்தைகளும் அறிவார்கள்.

இனி மண்டபத்திற்கு வருவோம். நம்மவர் வீட்டுப் பழக்கம் மாறுவதும் மாறாததும் அவரவர் இஷ்டம். மண்டபமோ நம் அனைவருடைய சொத்து. ஐந்நூறு பேர் உண்ணும் பந்தியில் இலைக்கு ஒரு புட்டி வைத்தால் ஒரு வேளைக்கு 500 புட்டி. மூன்று வேளைக்கு 1,500. பாதி குடித்த நீரோடு அவை பின்கட்டில் குவிகின்றன. காப்பிக்குக் கடுதாசிக் கிண்ணம் வைக்கிறோமே என்பீர்கள். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 100 மில்லிலிட்டர் சூடான நீரை அதில் கால்மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் நீரில் இறங்குகின்றன என்று கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020இல் கண்டார்கள். வாழையிலை போட்டு, அருகே இதை வைப்பது என்ன சம்பிரதாயம்?

தம்ளர் வைத்தால் திருடுபோகும், கழுவ ஆள் கிடைக்காது, கூலி அதிகமாகும் என்று பொக்கிஷதாரர் முன்னமே நம்மிடம் ஆட்சேபித்திருக்கிறார். ஆட்சேபனை நியாயமானதே. கழுவும் கூலியை மண்டப வாடகையோடு சேர்த்து வாங்கலாம். புட்டி வாங்கும் செலவு கல்யாண வீட்டாருக்கு மிச்சமாவதால் எவரும் முணுமுணுக்கமாட்டார். தொலைவதற்கு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதே வழி. நம் பாட்டிமார் சங்கத்துப் பித்தளை அண்டாவை அப்படித்தான் காப்பாற்றினார்கள். சாக்கடைக்கு ஒரு கம்பி வலை வேண்டும். அடைப்பு எடுக்க வருகிறவருக்குக் கருவியும் கையுறையும் மண்டபத்திலேயே இருக்கவேண்டும். எவரையும் வெறுங்கையை உள்ளே விடும்படி இனி சொல்லக்கூடாது.

ஆதலால் இச்சபையின் முன் நாம் பிரேரேபிக்கும் தீர்மானம் யாதெனில்: வருகிற தை முதல் தேதியிலிருந்து நம் சங்க மண்டபத்தில் பிளாஸ்டிக் புட்டி, கடுதாசிக் கிண்ணம், மேஜைச் சுருள், நெய்யாத தாம்பூலப் பை ஆகிய நான்கும் அனுமதிக்கப்படமாட்டா, மண்டபத்திற்கு எவர்சில்வர்த் தம்ளர் ஆயிரம் வாங்கவேண்டும். அவற்றில் இருநூறு நம் இல்லத்தார் கொடுக்க இசைந்திருக்கிறார்கள். பெயர் பொறிக்கவேண்டாமென்று சொல்லியிருக்கிறோம். மிகுதி எண்ணூறுக்குக் காரியதரிசி அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அக்கிராசனர் அவர்கள் இத்தீர்மானத்தைச் சபையோரின் ஓட்டுக்கு விடும்படி வேண்டி அமர்கிறோம்.