மாறியதை அறிதல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பாட்டும் உரையும் முழங்கும் அவையில் கணிப்பொறிக் கோப்புகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் எழுதியதைத் திருத்துவோர் அனைவர்க்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. திருத்தம் ஓரிடத்தில் நிகழ்கிறது. அதன் பயன் வேறோரிடத்தில் தோன்ற வேண்டியிருக்கிறது. இடையே செய்தி போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. மெய்ப்புத் தாளில் பிழையைத் திருத்தி அனுப்பிய பின்னும் பழைய பக்கமே நூலில் ஏறியிருக்கக் கண்டு மனம் நோகாத கவிஞர் அரியர். மென்பொருள் எழுதுவோர் இதே இடரோடு ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் போராடி வருகின்றனர். அவர்கள் கண்ட வழிகளும் அவ்வழிகளில் உள்ள ஓட்டைகளுமே இவ்வுரையின் பொருள்.

மென்பொருள் வெளியே ஒரே பொருளாகத் தோன்றினும் உள்ளே பல கோப்புகளின் கூட்டம். மனிதர் எழுதிப் படிக்கும் வடிவில் உள்ளவை மூலநிரற் கோப்புகள். கம்பைலர் எனப்படும் நிரல் அவற்றைக் கணிப்பொறி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றுகிறது. மாற்றியவற்றை ஒன்றாக இணைத்தாலன்றி முழு மென்பொருள் கிடைப்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலின் மூலத்தில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. ஒரு வரியைத் திருத்தியதற்காக அத்தனையையும் மீண்டும் மாற்றிக் கொண்டிருத்தல் ஆகாது; திருத்தியதை மாற்றாமல் விடுதலும் ஆகாது. ஆகவே, "எது மாறியது?" என்னும் வினாவே பணி முழுவதற்கும் அச்சாணியாகிறது.

இவ்வினாவுக்கு முதன்முதல் பரவலாக ஏற்கப்பட்ட விடை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1976-ஆம் ஆண்டில் பிறந்தது. அங்குப் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் சினத்தோடு புகுந்தார். காலைப் பொழுது முழுவதையும் ஒரு பிழையைத் தேடிக் கழித்திருந்தார் அவர். பிழையோ முன்னரே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பைக் கம்பைலரிடம் கொடுக்கத்தான் மறந்துபோயிற்று. இல்லாத பிழையை ஒரு காலை முழுவதும் தேடியிருக்கிறார் என்பது பின்னரே தெரிந்தது. யாக் என்னும் புகழ்பெற்ற கருவியைப் படைத்தவருக்கே இந்த நிலை. ஃபெல்ட்மன் அந்த வார இறுதியிலேயே 'மேக்' என்னும் சிறு நிரலை எழுதினார். பிற்காலத்தில், 2003-ஆம் ஆண்டுக்குரிய ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது அவருக்கு அதற்காகவே கிடைத்தது.

'மேக்' செய்வது மிக எளிது. ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தை இயங்குதளம் குறித்து வைக்கிறது. மூலக் கோப்பின் நேரம், அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மூலம் மாறியிருக்கிறது, மீண்டும் மாற்றுக. இல்லையேல் விட்டுவிடுக. இவ்வளவே அதன் இலக்கணம். இந்த எளிமை போற்றத்தக்கது; இன்றளவும் 'மேக்' உயிரோடு உலவுவதே அதற்குச் சான்று.

எனினும் கடிகாரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணைக்கும் இடந்தர வேண்டும். பழைய ஃபேட் கோப்பு முறையில் நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். லினக்சின் எக்ஸ்ட்3 முறையில் ஒரு நொடிக்கு ஒருமுறை. அந்த இடைவெளிக்குள் நிகழும் இரண்டு மாற்றங்களுக்கும் ஒரே நேரமே பதிவாகும். இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. புதிய திருத்தம் பயன்படவில்லை என்று கண்டு, காப்பில் வைத்திருந்த பழைய படியை அதன் பழைய நேரத்தோடு மீட்டு வைக்கிறார் ஒருவர். கோப்பு மாறிவிட்டது. நேரமோ பின்னோக்கிப் போயிருக்கிறது. பிந்திய நேரத்தை மட்டுமே தேடும் 'மேக்' அதைக் கடந்து போய்விடும்.

'மேக்' கூப்பிட்டால்தான் வரும். கோப்பைச் சேமித்த கணத்திலேயே தானாக அறிந்து பணி தொடங்கும் கண்காணிப்பு நிரல்களைப் பின்னர் மென்பொருளாளர்கள் விரும்பினர். அதற்கு முதலில் கைக்கொண்ட வழி, இரவுக் காவலர் வீடுதோறும் கதவைத் தட்டிப் பார்ப்பது போன்றது. சில நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கோப்பையும் எட்டிப் பார்த்து, முன்பு கண்ட நேரத்தோடும் அளவோடும் ஒப்பிடுவது. நூறு கோப்புகளுக்கு இது போதும். நூறாயிரம் கோப்புகளானால், ஒன்றும் மாறாத வேளையிலும் கணிப்பொறி ஓயாமல் உழைத்துக் கொண்டிருக்கும்.

கோப்பில் எழுதுவோர் யாராயினும் கெர்னலின் வழியாகவே எழுத வேண்டும். எனவே வாசலில் நிற்கும் கெர்னலே செய்தி சொல்லட்டும் என்னும் எண்ணம் எழுந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் 2000-ஆம் ஆண்டில் கேகியூ வந்தது. லினக்சில் 2001-இல் டிநோட்டிஃபை வந்தது. அது கோப்பகத்தில் ஏதோ மாறியது என்று சொல்லுமே தவிர எந்தக் கோப்பு என்று சொல்லாது. அன்றியும் கண்காணிக்கும் கோப்பகத்தைத் திறந்தே பிடித்திருக்கும் ஆதலால், அது இருக்கும் வட்டைக் கழற்றவும் விடாது. இக்குறைகளை நீக்கி ஜான் மெக்கச்சனும் ராபர்ட் லவ்வும் உருவாக்கிய ஐநோட்டிஃபை 2005-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.13 பதிப்பில் இடம்பெற்றது. ஆப்பிள் நிறுவனத்தின் எஃப்எஸ்ஈவன்ட்ஸ் 2007-இல் வெளிவந்தது. அதன் சிறப்பு, நடந்தவற்றை வட்டிலேயே எழுதி வைப்பது. கணிப்பொறியை அணைத்து மறுநாள் திறந்தவரும், "நேற்று இன்ன நிகழ்வுக்குப் பின் எங்கெங்கே மாறியது?" என்று அதனிடம் கேட்கலாம்.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று பலர் எண்ணினர். இன்றும் எண்ணுவோர் உளர். அந்த நம்பிக்கைதான் ஆராயத்தக்கது. கெர்னல் செய்தி அனுப்பினால் ஏதோ மாறியிருக்கிறது என்பது பெரும்பாலும் மெய். அது அனுப்பவில்லையானால் ஒன்றும் மாறவில்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. ஐநோட்டிஃபையையே எடுத்துக்கொண்டு இதனைச் சற்று விரிவாகக் காணலாம்.

ஐநோட்டிஃபையிடம் ஒரு கோப்பகத்தைக் காவல் காக்கச் சொன்னால் அது அந்தக் கோப்பகத்தை மட்டுமே காக்கும். உள்ளே இருக்கும் கிளைகளைக் காக்காது. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே காவல் போட வேண்டும். புதிதாக ஒரு கிளை பிறந்தால் அதன் பிறப்புச் செய்தி வரும். கண்காணிப்பு நிரல் விரைந்து சென்று அங்கும் காவல் போடும். ஆனால் செய்தி வந்ததற்கும் காவல் போட்டதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு பொழுதில் புதிய கிளைக்குள் கோப்புகள் எழுதப்பட்டிருக்கலாம். அவற்றைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே காவல் போட்ட பின் உள்ளே சென்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். கைதேர்ந்தோர் எழுதிய நிரல்களும் இதனை மறந்து இடறியதுண்டு.

காவல்களின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. ஒரு பயனருக்கு 8,192 என்பதே நெடுங்காலம் இயல்பான வரம்பாக இருந்தது. பிறர் எழுதிய நிரற்பொதிகளைப் பல்லாயிரம் கோப்பகங்களாகக் கொண்டுவந்து குவிக்கும் இக்காலத் திட்டங்களுக்கு இது போதாமற் போயிற்று. 2021-இல் வந்த 5.11 பதிப்பிலிருந்து நினைவகத்தின் அளவுக்கேற்ப இவ்வரம்பு உயர்த்தப்பட்டது.

செய்திகள் வந்து காத்திருக்கும் வரிசைக்கும் அளவுண்டு, இயல்பாக 16,384. மென்பொருளின் ஒரு கிளைப் பதிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது சில நொடிகளில் பல்லாயிரம் கோப்புகள் மாறும். கண்காணிப்பு நிரல் சற்றே தாமதித்தாலும் வரிசை நிரம்பி வழியும். வழிந்தவை வழிந்தவைதாம். "வரிசை நிரம்பிற்று" என்னும் ஒரே அறிவிப்பு மட்டும் கிடைக்கும். எவை தொலைந்தன என்பது கிடைக்காது. தன் மறதியைத் தானே அறிவிப்பது கெர்னலின் நேர்மை. அவ்வறிவிப்பைக் கேளாதது போல் இருந்துவிடும் நிரல்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

கோப்பைச் சேமித்தல் என்னும் செயலே தோற்றத்துக்கு மாறானது என்பது பலர் அறியாதது. எடிட்டர் என்னும் எழுதுகருவிகளுட் பல, இருக்கும் கோப்பின்மேல் எழுதுவதில்லை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும் அன்றோ? ஆகவே புதிய கோப்பொன்றில் முழுவதையும் எழுதி, பின் அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகின்றன. பெயர் அதே பெயர், ஆள் வேறு. ஐநோட்டிஃபையின் காவலோ பெயரைப் பற்றியதன்று, ஐநோடு என்னும் உள்ளெண்ணைப் பற்றியது. எனவே அந்த ஒரு கோப்பின்மேல் மட்டும் போடப்பட்ட காவல், பழைய கோப்போடு மறைகிறது. அல்லது காப்புப் படியாகப் பெயர் மாறிய பழைய கோப்பின் பின்னாலேயே போய்விடுகிறது. முதல் திருத்தம் தெரிந்தது, அடுத்த திருத்தம் தெரியவில்லை என்று வியந்து நிற்போர் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றனர். கோப்பைக் காவாமல் அது வாழும் கோப்பகத்தைக் காப்பதே இதற்குத் தக்க வழி.

வலையமைப்பின் வழியே பிறிதொரு கணிப்பொறி ஒரு கோப்பை மாற்றினால் ஐநோட்டிஃபை அறியவே அறியாது. அத்தகைய இடங்களில் கதவைத் தட்டிப் பார்க்கும் பழைய முறையே இன்றும் கைகொடுக்கிறது. அதனை இழிவாகப் பேசுவது பொருந்தாது.

தமிழில் எழுதுவோர் தனியே அறிய வேண்டியது ஒன்று. கோப்புக்குக் 'கொன்றை' என்று பெயர் வைக்கிறார் ஒருவர். யூனிகோடு முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிந்தது. நிரலின் பட்டியலில் சேர்ந்த வடிவம். கோப்பு முறையிலிருந்து வந்த பெயரில் பிரிந்த வடிவம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு 'கொன்றை'களைக் கணிப்பொறி வேறு வேறு கோப்புகள் என்று கொள்ளும். ஆங்கிலப் பெயரை மட்டும் கொண்டு சோதித்தவர்க்கு இது தட்டுப்படுவதே இல்லை. 'கிட்' என்னும் பதிப்புக் காப்புக் கருவி, ஆப்பிள் கணிப்பொறிகளுக்கென இதற்கு ஓர் ஏற்பாட்டை 2012-இல் சேர்த்துக்கொண்டது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய அந்தக் 'கிட்' நேரத்தை நடத்தும் முறை பாராட்டத்தக்கது. ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் அளவையும் அது தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இரண்டும் மாறாதிருந்தால் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் கோப்பின் நேரமும் அட்டவணை எழுதப்பட்ட நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், அந்த ஒரே நொடியின் பிற்பகுதியில் யாரேனும் திருத்தியிருக்கக்கூடும் என்று ஐயுற்று, உள்ளடக்கத்தையே படித்து ஒப்பிடுகிறது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் கண்ட பதிப்பாசிரியர்கள், ஏட்டின் இறுதியில் எழுதப்பட்ட ஆண்டை மட்டும் கண்டு நின்றுவிடாத முறையை இது நினைவூட்டும்.

இந்தத் தவறுகளால் விளையும் கேட்டைச் சிறிதென்று கருதலாகாது. திருத்தம் செய்தும் விளைவு மாறாதிருக்கக் காணும் மென்பொருளாளர், செய்தி வரவில்லை என்று எண்ணுவதில்லை. தம் திருத்தமே தவறு என்று எண்ணுகிறார். சரியான வரியை அழித்து வேறொன்று எழுதுகிறார். ஜான்சன் இழந்தது ஒரு காலைப் பொழுது. நல்ல வரியைக் கெடுத்து வெளியிடுவோர் இழப்பது அதனினும் மிகுதி.

ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 'வாட்ச்மேன்' என்னும் கண்காணிப்பு நிரல் இந்நிலையில் குறிப்பிடத்தக்கது. பெயரே காவலாளி. வரிசை வழிந்தது என்று கெர்னல் அறிவித்தால் அது வாதாடுவதில்லை. கோப்பகம் முழுவதையும் முதலிலிருந்து நடந்து பார்த்து வருகிறது. கோப்புகள் தொடர்ந்து மாறிக் கொண்டிருக்கையில் உடனே பணி தொடங்காமல் சற்று அடங்கும்வரை பொறுத்திருக்கிறது. இப்பொறுமை இல்லாத நிரல்கள் ஒரே சேமிப்புக்கு நான்கு முறை ஓடுவதும், தாம் ஆக்கிய கோப்பைத் தாமே மாற்றமென்று கண்டு மீண்டும் ஆக்கி முடிவின்றிச் சுழல்வதும் வேடிக்கையான காட்சிகள்.

"இந்த நொடிவரை நிகழ்ந்த அனைத்தையும் அறிந்துவிட்டாயா?" என்று கேட்டால் எந்தக் காவலாளி உறுதியாக விடை சொல்ல முடியும்? வரவேண்டிய செய்தி இன்னும் வழியில் இருக்கலாம். வாட்ச்மேன் இதற்குக் கையாளும் உத்தி அழகியது. கேள்வி வந்ததும், தான் காக்கும் இடத்திலேயே ஒரு சிறு கோப்பைத் தானே எழுதி வைக்கிறது. பின், அந்தக் கோப்பு பிறந்த செய்தி கெர்னலிடமிருந்து மற்றச் செய்திகளோடு வரிசையில் தன்னிடமே வந்து சேரும்வரை காத்திருக்கிறது. அது வந்துவிட்டால், அதற்கு முன் புறப்பட்டவையும் வந்துவிட்டன என்பது பொருள். உடனே அச்சிறு கோப்பை அழித்துவிட்டு, கேட்டவருக்கு விடை சொல்கிறது.