எந்திரம் ஆட்டும் பாவை

(சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களிடையே பேசியது)



எந்திரம் என்றதும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பயம் வரும். "நம் கைக்கு வேலை போய்விடுமோ?" என்று. ஒரு கூத்துக் குடும்பம் எந்திரத்தோடு கை கோத்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பாலக்காடு மாவட்டத்தில் ஷொர்ணூர் பக்கம் கூனத்தறை என்று ஓர் ஊர். அங்கே இராமச்சந்திர புலவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தோல்பாவைக்கூத்து நடத்துகிறது. இது கேரளக் கூத்து. ஆனால் பாடுவது தமிழ்க் கம்பராமாயணம்! விளக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும்.

காளி கோயில் முன்னால் கூத்துமாடம் இருக்கும். நீளமான திரை கட்டுவார்கள். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள். தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. பாவைகள் முன்பு மான்தோலில் செய்தவை. இப்போது ஆட்டுத்தோல், எருமைத்தோல். தோலில் பொடிப்பொடியாகத் துளை போடுவார்கள். அதன் வழியே வெளிச்சம் வரும்போது நகை மின்னும். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையிலேயே கோபம், அழுகை, போர் எல்லாம் காட்டிவிடுவார்கள்!

இராமன் இராவணனைக் கொன்றபோது காளி தாருகனோடு சண்டையில் இருந்தாளாம். அந்தப் போரை அவள் பார்க்கவில்லையாம். அவளுக்காகத்தான் ராத்திரி முழுக்கக் கூத்து. எதிரே ஒரு மனிதர் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. காளி பார்க்கிறாள் அல்லவா? ஆனால் ஆள் பார்க்காத கலையைக் கற்க எந்தப் பிள்ளை வருவான்?

2021-ஆம் ஆண்டில் திருச்சூரைச் சேர்ந்த இங்கர் ரோபாட்டிக்ஸ் நிறுவனம் இவர்களோடு சேர்ந்தது. ரோபோ என்றால் சொல்லிவைத்தபடி தானே வேலை செய்யும் எந்திரம். பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காகப் பாவைகளை எந்திரம் ஆட்டும்படி அமைத்தார்கள். விடிய விடியக் கண் விழிக்க வேண்டாம். பகலில் வருகிறவர்களும் பார்க்கலாம்.

எந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது லேசான வேலையா? ஏலச்சரத்தில் முற்றிய காய் எது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டால் சொல்லத் திணறுவீர்கள். பாவை ஆட்டுகிறவர் கையும் அப்படித்தான். "கையைக் கொஞ்சம் தூக்கு" என்றால் எந்திரத்துக்குப் புரியாது. எவ்வளவு உயரம், எந்த நொடியில், எத்தனை வேகம் எல்லாம் கணக்காகச் சொல்ல வேண்டும். கலைஞரின் கையைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு பிறக்கும்.

எந்திரம் சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்யும். புலவரோ ஒரு பாட்டின் விளக்கத்தை நினைத்தால் நீட்டுவார், நினைத்தால் சுருக்குவார். அது அவர் வசம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. வழிவழியாகக் கூத்துமாடத்தில் பாவை ஆட்டியவர்கள் ஆண்கள் மட்டுமே. அதே 2021-இல் புலவரின் மகள் ரஜிதா பெண்களை மட்டும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். எந்திரம் வந்த அந்த ஆண்டில்தான் பெண்களுக்கென்று ஒரு குழுவும் பிறந்தது.