இலைக்குள் மூளும் தீ

மலேசியாவின் கெப்பாலா பத்தாஸைச் சூழ்ந்த வயல்களில், காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த சில நாள்களில், நெல்லிலையின் நுனியிலிருந்து ஓரத்தை ஒட்டி மஞ்சள் கோடு இறங்கி வைக்கோல் நிறமாகக் காய்ந்தால், அது பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கக்கூடும். அந்த இலையை நறுக்கித் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழையொன்று கசிந்து இறங்கும். அது சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியாவின் திரள்.

ஓடி ஒளிய வழியற்ற பயிர் தன் செல்லுக்குள்ளேயே தீ மூட்டிப் போரிடுகிறது. பகைக் கிருமியின் அடையாளத்தைச் செல்லின் மேலுறையிலுள்ள உணர்விகள் கண்டதும், அவ்வுறையில் பதிந்த நொதியொன்று உள்ளிருக்கும் எலக்ட்ரானை வெளியிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்க, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு சில நிமிடங்களில் பெருகுகிறது. புண்ணைக் கழுவும் மருந்தாக வீடுகளில் அறியப்பட்ட அதே பொருள் இங்கே கிருமியைத் தாக்கி, செல்சுவரை இறுக்குவதோடு, உள்ளே புகுந்து செய்தியும் சொல்கிறது. இந்தச் செய்திப் பணியே இதில் வியப்புக்குரியது.

இப்பணி எலக்ட்ரான் கைமாறுவதால் நடக்கிறது: எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். புரதத்திலுள்ள இரு கந்தக அணுக்கள் ஆக்சிஜனேற்றத்தால் ஒன்றோடொன்று பிணைந்து பூட்டாகின்றன, ஒடுக்கத்தால் திறக்கின்றன. கடுகுக் குடும்பச் செடியான அராபிடாப்சிஸில், என்.பி.ஆர்.1 என்னும் புரதம் இத்தகைய பூட்டுகளால் கொத்தாகக் கட்டுண்டு கிடப்பதையும், நோய் தாக்கும்போது, தீயைத் தொடரும் ஒடுக்கத்தால் பூட்டுத் திறந்து தனித்தனியாகி உட்கருவுக்குள் சென்று தற்காப்பு மரபணுக்களை எழுப்புவதையும் டியூக் பல்கலைக்கழகத்தின் சின்னியன் டோங் குழுவினர் 2003இல் காட்டினர். தீ அளவு மீறினால் செல்லே கருகும் என்பதால், குளுட்டாதயோன் போன்ற தணிப்பான்களையும் பயிர் உடன் வைத்திருக்கிறது.

நெல்லில் இக்கதை மலேசியாவைத் தொட்டே செல்கிறது. இங்கு 1965இல் வெளியிடப்பட்ட மசூரி ரகமே தமிழ்நாட்டின் பொன்னிக்கு மூலம், ஆந்திரத்தின் சம்பா மசூரிக்கும் பெற்றோர்களுள் ஒன்று. சுவையில் சிறந்த சம்பா மசூரி இலைக்கருகலுக்கு எளிதில் இரையானதால், ஐதராபாத் அறிவியலாளர்கள் எக்ஸ்.ஏ.21 உள்ளிட்ட மூன்று எதிர்ப்பு மரபணுக்களை இனக்கலப்பால் சேர்த்து, 2008இல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டனர். எக்ஸ்.ஏ.21 மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அது தரும் உணர்வி, கிருமி வெளிவிடும் ஒரு சிறு புரதத்துண்டைக் கண்டதும் தீயை மூட்டிவிடுகிறது. அப்பயிரிலும் கிருமி நுழைவதுண்டு; ஆனால் கருகல் இலை முழுதும் பரவாமல், நுழைந்த இடத்தை அடுத்தே நின்றுவிடுகிறது.