ஆளுக்கு ஆள் சமம் என்றால் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பின், சமுதாயக் கூடத்தில் நடந்த மாலை நிகழ்ச்சியில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

டீ ஆறுவதற்குள் முடித்து விடுகிறேன் என்று செயலாளர் சாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் கேமைப் பற்றி ஐம்பது வயதுக்காரன் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. காரணம் சொல்லி விடுகிறேன்.

போன மே மாத விடுமுறையில் நம் பிள்ளைகளுக்காக இதே கூடத்தில் ஒரு கேம் போட்டி நடத்தினோம். ஏ பிளாக் ஓர் அணி, சி பிளாக் ஓர் அணி. பக்கத்துக்குப் பத்துப் பேர். எண்ணிக்கை சமம், அதனால் நியாயம் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். முதல் நாள் மூன்று ஆட்டத்திலும் ஏ பிளாக் ஜெயித்தது. மறுநாள் காலை சி பிளாக்கிலிருந்து நான்கு பேர்தான் வந்தார்கள். மதியம் ஒருவரும் இல்லை. ஜெயித்த பிள்ளைகள் பத்துப் பேரும் ஹெட்போனை மாட்டிக் கொண்டு, எதிரில் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வராமல் போனவர்களில் என் மகளும் ஒருத்தி. ஏன் என்று கேட்டேன். "தோத்தது பரவாயில்லப்பா. ஆரம்பிக்கும்போதே முடிவு தெரிஞ்சா அப்புறம் எதுக்கு ஆடணும்?" என்றாள். அதன்பிறகு பார்க்கில் நடந்த சண்டையும், வாட்ஸ்அப் குரூப்பில் பெரியவர்கள் போட்டுக் கொண்ட சண்டையும் உங்களுக்கே தெரியும். இந்த வருடம் போட்டியே வேண்டாம் என்ற யோசனை அடுத்த செயற்குழுவுக்கு வருகிறது.

என் மகள் கேட்ட கேள்விக்கு ஒரு பெரிய கேம் கம்பெனி இருபது வருடமாகப் பதில் தேடிக் கொண்டிருக்கிறது. அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். 2006-ல் வேலைக்காக அமெரிக்காவில் தனியாக இருந்தபோது, இரவெல்லாம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவன் நான். (மனைவி முறைக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால்தான்.)

பிளிசார்ட் கம்பெனி 2004 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு அது. அதில் இரண்டே தரப்பு: அலையன்ஸ், ஹோர்டு. சேரும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டும். 2005 ஜூனில் இரு தரப்பும் மோதுவதற்கென்று தனிப் போர்க்களங்கள் வந்தன. அதில் பெரியது ஆல்ட்ராக் பள்ளத்தாக்கு. பக்கத்துக்கு நாற்பது பேர், ஆக எண்பது பேர் ஒரே களத்தில். பனி மூடிய நீளமான பள்ளத்தாக்கு. வடகோடியில் அலையன்ஸ் கோட்டை, தென்கோடியில் ஹோர்டு கோட்டை. எதிரித் தளபதியை அவர் கோட்டைக்குள் புகுந்து வீழ்த்தினால் வெற்றி. ஆரம்ப காலத்தில் இதற்கு நேர வரம்பே கிடையாது. ஓர் ஆட்டம் பல மணி நேரம் ஓடும். ராத்திரி ஆடிவிட்டுத் தூங்கி, மறுநாள் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் அதே ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்.

நாற்பது பேர் சேர்ந்தால் முதலில் வரும் ஆசை, எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடிப் போய் அடிப்பது. அது நமக்கும் நடக்கும், எதிரிக்கும் நடக்கும். இரண்டு கூட்டமும் பள்ளத்தாக்கின் நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்தும் பார்க்காத மாதிரிக் கடந்து ஓடிய ஆட்டங்கள் ஏராளம். யார் முதலில் எதிர்க்கோட்டைக்குப் போய்ச் சேருகிறார்கள் என்ற ஓட்டப் பந்தயமாக அது ஆகிவிடும். காவலுக்கு நில் என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். ஏனென்றால் காவலில் புள்ளி குறைவு, அலுப்பு அதிகம்.

அந்த அலுப்பில் நானே செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். அலையன்ஸ் கோட்டைக்கு வரும் எதிரிகள் ஒரு குறுகிய பாலத்தைக் கடந்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் இருக்கும் காவல் அரண்களில் நம் வில்லாளிகள் நின்று பாலத்தின் மேல் அம்பு மழை பொழிவார்கள். அரண் எதிரி கைக்குப் போனால் வில்லாளிகளும் போய்விடுவார்கள். நான் ஹீலர், அதாவது அடிபட்டவர்களைக் குணமாக்கும் வைத்தியர் வேலை. எனக்கும் இன்னொருவருக்கும் அந்த அரண் காவல். முக்கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லை. நடுக்களத்தில் நல்ல சண்டை நடக்கிறது என்று தெரிந்ததும் ஓடிவிட்டேன். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் வந்தார்கள். தனியாக நின்றவரால் என்ன செய்ய முடியும்? அரண் போனது, பாலம் திறந்தது, மூன்று மணி நேர ஆட்டம் போனது. அந்த இன்னொருவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை, அவ்வளவுதான்.

காவலுக்கு நிற்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு: சரியாகத் தகவல் சொல்வது. பதினைந்துக்குப் பதினைந்து ஆடும் அரதி பேசின் என்ற களத்தில் ஐந்து இடங்கள் உண்டு: லாயம், இரும்புப் பட்டறை, பண்ணை, மர ஆலை, தங்கச் சுரங்கம். ஐந்தில் மூன்றைக் கைவிடாமல் வைத்திருந்தாலே ஜெயித்து விடலாம். எதிரி வரும்போது "காப்பாத்துங்க" என்று கத்தினால் பயனில்லை. "பட்டறை, நாலு பேர்" என்று இடத்தையும் எண்ணிக்கையையும் சொன்னால், எத்தனை பேர் எங்கே ஓட வேண்டும் என்று பதினைந்து பேருக்கும் புரிந்துவிடும். நம் குரூப்பில் "லிஃப்ட் நின்னுடுச்சு, யாராவது பாருங்க" என்று வருகிறதே, எந்த பிளாக் என்று சொல்லாமல்? அதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, ஆவேசத்தைவிட யோசனை பெரிது என்று காட்டும் ஒரு விஷயம். இந்தக் களத்தில் செத்தவர்கள் தங்கள் தரப்பு வசம் உள்ள, மிக அருகிலிருக்கும் மயானத்தில் உயிர்த்து எழுவார்கள். எதிரியின் மயானத்தைப் பிடித்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முன்வரிசையில் இருக்கும் மயானத்தை அவசரப்பட்டுப் பிடித்தால், நாம் வீழ்த்தும் ஒவ்வொரு எதிரியும் பின்னால் அவர்களுடைய கோட்டை வாசலிலேயே எழுந்து நிற்பார். ஆளில்லாமல் கிடந்த கோட்டைக்கு நாமே காவல் அனுப்பி வைத்த மாதிரி. அதனால் அனுபவசாலிகள், "அதை இப்ப தொடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நாற்பது பேரில் ஒருவர் கேட்காமல் தொட்டால் போதும்.

யாரும் மதிக்காத வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு விளையாட்டிலிருந்து ஓர் உதாரணம். நம் பொருளாளர் இதைக் கவனிக்க வேண்டும். ஈவ் ஆன்லைன் என்று ஐஸ்லாந்துக் கம்பெனி நடத்தும் விண்வெளி விளையாட்டு. அதில் ஒரு மண்டலத்தைச் சொந்தமாக வைத்திருக்க அப்போதெல்லாம் அவ்வப்போது கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில் ஒரு பெரிய கூட்டணி, தன் தளவாடங்களை நிறுத்தி வைத்திருந்த மண்டலத்துக்குக் கட்டணம் கட்டத் தவறியது. உரிமை கைவிட்டுப் போனது. எதிர்க் கூட்டணி பாய்ந்தது. 7,500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், சுமார் 21 மணி நேரச் சண்டை, டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 நாசம். மெயின்டனன்ஸ் கட்டாததால் வந்த யுத்தம். இந்த மாதப் பாக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

இதுவரை சொன்னது அணிக்குள் இருக்கும் உத்தி. என் மகளின் கேள்வி அணிகளுக்கு இடையில் இருக்கும் சமநிலையைப் பற்றியது. நாற்பதுக்கு நாற்பது என்று ஆளை எண்ணி விட்டாலே சமமாகி விடவில்லை என்பது அந்தக் கம்பெனிக்குச் சீக்கிரமே புரிந்தது.

முதலில், இரு தரப்பின் ஆயுதம் ஒன்றல்ல. பாலடின் என்ற வகை வீரர்கள் அலையன்ஸுக்கு மட்டும். ஷாமன் என்ற வகை ஹோர்டுக்கு மட்டும். எது உசத்தி என்று இரண்டு வருடம் ஓயாத வாக்குவாதம். கடைசியில் 2007 ஜனவரியில் இரண்டு வகையையும் இரு தரப்புக்கும் கொடுத்தார்கள். வரைபடமும் சமமில்லை. நான் சொன்ன அந்தப் பாலம் ஒரு தரப்புக்கு வரம், மறு தரப்புக்குச் சாபம்.

இரண்டாவது, பழகிய கூட்டமும் பழகாத கூட்டமும். ஒருவரை ஒருவர் அறிந்து, குரலில் பேசிக் கொண்டு ஆடும் பத்துப் பேரும், அப்போதுதான் சந்தித்த பத்துப் பேரும் எண்ணிக்கையில்தான் சமம். 2019-ல் பழைய விளையாட்டை அப்படியே திரும்ப வெளியிட்டபோது, சிலர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தி, ஆட்ட எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே களத்தில் கூட்டமாக நுழைந்தார்கள். கம்பெனி அந்த எண்ணையே மறைக்க வேண்டியதாயிற்று. நம் போட்டியில் நடந்ததும் இதுதான். ஏ பிளாக் பிள்ளைகள் வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடுபவர்கள். நம் பிளாக் பிள்ளைகள் பாதிப் பேருக்கு மற்றவர் பெயரே அன்றுதான் தெரியும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தோற்கும் தரப்பிலிருந்து ஆள் கழல்வார்கள். ஆள் கழன்றால் மேலும் தோற்கும். பாதியில் ஓடுபவர்களுக்குப் பதினைந்து நிமிடம் அடுத்த களத்தில் நுழையத் தடை என்று தண்டனை வைத்தார்கள். உடனே சிலர் ஓடாமல் ஒரு மூலையில் சும்மா நிற்கக் கற்றுக் கொண்டார்கள். தண்டனை ஆளை நிறுத்தி வைக்கும், ஆட வைக்காது.

ஆள் குறைந்த தரப்பால் ஆள் மிகுந்த தரப்புக்கும் கஷ்டம்தான். எதிரில் நாற்பது பேர் சேர்ந்தால்தானே ஆட்டம் தொடங்கும்? அதுவரை இவர்கள் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த நம் பத்துப் பிள்ளைகளைப் போல.

என்னென்ன வைத்தியம் பார்த்தார்கள் தெரியுமா? 2007 இறுதியில் ஆல்ட்ராக்கில் ஒவ்வொரு தரப்புக்கும் 600 துணைப்படைப் புள்ளி என்று வரம்பு வைத்தார்கள். ஒருவர் செத்தால் ஒன்று, அரணோ கோபுரமோ போனால் 75, தளபதிக்கு அடுத்த நிலை அதிகாரி வீழ்ந்தால் 100 குறையும். பூஜ்யமானால் தோல்வி. ஆட்டத்துக்கு ஒரு முடிவு வந்தது, காவலுக்கும் மதிப்பு வந்தது. 2015-ல் கூலிப்படை முறை வந்தது. வரிசை நீண்டிருந்தால், ஹோர்டுக்காரர் அந்த ஓர் ஆட்டத்துக்கு அலையன்ஸ் வேடத்தில் எதிர்ப்பக்கம் நின்று ஆடலாம். 2022-ல், கூட்டாகப் போகும் பல ஆட்டங்களில் இரு தரப்பும் ஒரே குழுவில் சேரவும் வழி விட்டார்கள். பதினேழு வருடத்துக்கு மேல் கட்டிக் காத்த சுவர் அது.

இதற்கெல்லாம் முன்பே, 2001-ல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட் என்ற விளையாட்டு மூன்று தரப்பு வைத்தது. ஒருவர் ஓங்கினால் மற்ற இருவரும் அவர் மேல் திரும்பலாம். ஆனால் வலுவான இருவர் சேர்ந்து நோஞ்சானை மிதிப்பதும் உண்டு. ஆகவே அதுவும் முழு மருந்து இல்லை.

இந்த எல்லா வைத்தியத்திலும் நான் கண்டது ஒன்றுதான். எதிரணியும் நம் விளையாட்டின் பாதி. அவர்கள் நாளைக்கும் ஆட வர வேண்டும் என்ற கவலை ஜெயிப்பவருக்கும் இருந்தால்தான் ஆட்டம் நிலைக்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதில் தெருவில் உத்தி பிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சமபலம் உள்ள இரண்டு பேர் தோளில் கை போட்டுக் கொண்டு தள்ளிப் போவார்கள். ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக் கொண்டு வந்து, தலைவர்களிடம் "இது வேணுமா, அது வேணுமா" என்று கேட்பார்கள். கேட்ட பெயருக்கு உரியவர் அந்தப் பக்கம். நன்றாக ஆடும் இருவர் ஒரே அணியில் சேர வழியே இல்லை. யார் மேலும் வருத்தமும் இல்லை.

எனவே, போட்டியை நிறுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மூன்று மாற்றம் செய்வோம். ஒன்று, பிளாக் வாரியாக வேண்டாம். மூன்று பிளாக் பிள்ளைகளையும் கலந்து உத்தி பிரிப்போம். இரண்டு, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியிலிருந்து ஒருவர் எதிரணிக்கு மாறட்டும். மூன்று, அதிகம் வீழ்த்தியவருக்குக் கொடுக்கும் பரிசுக்குச் சமமாக, நின்ற இடத்தை விட்டு நகராமல் காவல் காத்தவருக்கும் ஒரு பரிசு. அந்தப் பரிசுக் கோப்பைக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக் கொள்கிறேன். 2006-ல் பாலத்தருகே ஒருவரைத் தனியாக விட்டு ஓடியவன் அடைக்க வேண்டிய கடன் அது.

என் மகளிடம் இந்த மூன்றையும் சொன்னேன். "அப்படின்னா ரெண்டாம் நாளும் வரேன்ப்பா" என்றாள். ஏ பிளாக் பெற்றோர்களும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எதிரில் ஆள் இருப்பதைத்தான் அவர்களும் விரும்புவார்கள்.

டீ ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.