கடலோரத்தில் வீடு கட்டுகிறீர்களா?

சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கிற பலருக்கும் ஓர் ஆசை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்கி, பிள்ளைகுட்டிகளோடு வாழ ஒரு வீடு கட்ட வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் இங்கே கட்டுவது போலவே அங்கேயும் கட்டிவிடக் கூடாது.

காரணம் உப்புக் காற்று. அந்த உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அது நெருக்கித் தள்ளும்போது சன்ஷேடு வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு எம்-30 தரக் கான்கிரீட்டையும், கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கனத்தையும் கேட்கிறது. பாதிப்பு மிகக் குறைந்த லேசான சூழலில் 20 மில்லிமீட்டரே போதும். தளம் போடும் அன்று, கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை நீங்களே அளந்து பாருங்கள். கடல் மணலைச் சேர்க்கவே விடாதீர்கள்.

மின்செலவு குறையவும் வழி உண்டு. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வளாகம் அது. அங்குள்ள பழைய வீடுகளின் முற்றமும் திண்ணையும் தாழ்வாரமும், வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே அழைக்கும் வித்தையைச் சொல்லித்தரும்.

கிழக்கே பெரிய சன்னல், அதற்கு எதிரே இன்னொரு சன்னல், மாடியில் வெள்ளை ஓடு. இந்த மூன்றையும் வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த வீடு உறுதியாக நிற்கட்டும்.