விலகுதல்: அடையாற்றின் இரு கரைகள்



இந்த உரைக்கு 'விலகுதல்' என்று தலைப்புக் கொடுத்ததும், பேச்சாளரே விலகிவிடுவாரோ என்று அறக்கட்டளைச் செயலாளருக்குக் கவலை வந்ததாம். வந்துவிட்டேன்.

இந்தச் சொல்லுக்கு இப்போது வேலை அதிகம். 2024 அக்டோபரில் லடாக்கின் டெப்சாங்கிலும் டெம்சோக்கிலும் இந்திய, சீனப் படைகள் விலக உடன்பாடு ஏற்பட்டது. மோதல் தள்ளிப்போனது, அவ்வளவுதான். எல்லைத் தகராறு அப்படியே இருக்கிறது. அலுவலகங்களிலோ வேறு கதை. ஆள் நாற்காலியில் இருப்பார், மனம் எப்போதோ போயிருக்கும். உஸ்மான் சாலை நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நகர்வதுபோல் இருக்கும். தேய்வது கிளட்ச் பிளேட். முழுதாக ஈடுபடவும் மாட்டேன், முழுதாக விடவும் மாட்டேன் என்கிற நிலை அது.

முழுதாக விட்டவர் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், அடையாறு போதும்.

1909. பிரம்மஞான சபை வளாகத்தை ஒட்டிய கடற்கரையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை சபையின் முன்னணியாளர் லெட்பீட்டர் கவனிக்கிறார். மதனப்பள்ளியில் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. சபையில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன். வரப்போகும் உலக ஆசான் இவன்தான் என்று முடிவாயிற்று. 1911இல் அவனைத் தலைவனாக்கி நட்சத்திர சங்கம் தொடங்கினார்கள். பிள்ளையைத் திருப்பித் தரச்சொல்லி சபைத் தலைவர் அன்னி பெசன்ட் மீது தகப்பனார் வழக்குப் போட்டார். தகப்பனாருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தகப்பனார் ஜெயித்தார். மறு வருஷம் லண்டன் பிரிவி கவுன்சிலில் தீர்ப்பு மாறிவிட்டது. அந்தத் தகப்பனாரை நம் கட்டுரைகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது உறுத்தல்தான்.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்தில் ஓம்மன் முகாம். சுமார் மூவாயிரம் உறுப்பினர்களுக்கு முன்னால், பெசன்ட் அம்மையாரும் உட்கார்ந்திருக்க, சங்கத்தைக் கலைப்பதாக கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார். எந்த அமைப்பும் மனிதனை உண்மையிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். நான் கொண்டாடுவது அடுத்து நடந்த வரவு செலவை. சங்கத்துக்கென்று வந்த சொத்துகள் கொடுத்தவர்களிடமே திரும்பின. ஏர்டே கோட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தின் பெரும்பகுதியும் அவற்றைத் தந்த பிரபுவுக்கே போயின. நம் சபாக்களில் செயலாளர் பதவியை விட்டவர்கூடச் சாவிக்கொத்தை அத்தனை சுலபத்தில் விடுவதில்லை!

அதன் பிறகு பிரம்மஞான சபையையும் விட்டார். பெசன்ட் அம்மையாரை விட்டாரா என்றால், இல்லை. கிருஷ்ணமூர்த்திக்கு அவர் கடைசிவரை 'அம்மா'தான். 1933 மே மாதம் அடையாறில் அவரைக் கடைசியாகப் பார்த்தார். செப்டம்பர் 20இல் அம்மையார் காலமானார். கிருஷ்ணமூர்த்திக்குச் சென்னையில் இடம் ஆற்றின் வடகரையில், கிரீன்வேஸ் சாலை வசந்த விஹார். பாலத்தைக் கடந்தால் சபையின் வாசல், நடக்கிற தூரம். அந்த வாசலுக்குள் அவர் 47 வருஷம் காலெடுத்து வைக்கவில்லை.

1980இல் ராதா பர்னியர் சபையின் தலைவரானார். என். ஸ்ரீராமின் மகள், ருக்மிணி தேவியின் அண்ணன் மகள். அவர் அழைத்தார், அந்த நவம்பரில் கிருஷ்ணமூர்த்தி போனார். உறுப்பினராகச் சேரவில்லை, பழைய கதையைக் கிளறவும் இல்லை. அதன்பின் சென்னைக்கு வந்தால் மாலையில் அந்த வளாகம் வழியாகக் கடற்கரைக்கு நடப்பார். 1986 ஜனவரியில் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளிலும் அங்கே நடந்தார். அடுத்த மாதம் 17ஆம் தேதி ஓஹாயில் மறைந்தார்.

கோபித்துக்கொண்டு போகிறவர் திரும்பி வரும்போது யாராவது சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். இவருக்கு அது தேவைப்படவில்லை. அவர் விட்டது பட்டத்தை, சொத்தை, சீடர் கூட்டத்தை, மனிதர்களை அல்ல.

தி.நகர் திருமலைப் பிள்ளை சாலைக்காரர் ஒருவரையும் சொல்லாமல் போனால் அங்கிருந்து வந்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1963 அக்டோபர் 2இல் காமராசர் முதலமைச்சர் பதவியை விட்டார், கட்சி வேலைக்காக. மறு வருஷம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். சாஸ்திரியையும் பிறகு இந்திராவையும் பிரதமராக்கியதில் அவர் கை பெரிது. இங்கே நாற்காலி போயிற்று, பிடி இறுகிற்று. 1967இல் கட்சி இங்கே ஆட்சியை இழந்தது, விருதுநகரில் அவரே தோற்றார். அவர் கோட்டையை விட்டதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் இருந்தன. ஆனால் கிருஷ்ணமூர்த்தி விலகிய கணக்கில் இதைச் சேர்க்க முடியாது.

கிருஷ்ணமூர்த்தியிடம் திரும்பினால் ஒரு கேள்வி எழும். அமைப்பே வேண்டாம் என்றவர் பெயரில் 1968இல் இங்கிலாந்திலும் 1969இல் அமெரிக்காவிலும் அறக்கட்டளைகள் ஏன்? பள்ளிகளை நடத்தவும் புத்தகம் போடவும்தான், தன் சார்பில் பேச அவற்றுக்கு உரிமையில்லை என்றார். இந்தப் பதில் எனக்கு முக்கால்வாசிதான் திருப்தி. கட்டடம், கணக்கு, குழு என்று வந்துவிட்டால் அதிகாரமும் கூடவே வந்து உட்காரும். ஆனாலும் வாரிசு என்று எவரையும் அவர் நியமிக்கவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அவருடைய அறக்கட்டளையின் பள்ளியோ பல வருஷம் நடந்தது தாமோதர் கார்டனில். அது அவர் விட்டுவந்த பிரம்மஞான சபையின் நிலம்.